மத்திய அமெரிக்காவில் பஸ்ஸிலேயே நாடு விட்டு நாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாத்தமாலா, பெலீஸ், எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா, பனாமா. மெக்சிகோவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே இருக்கும் இந்த ஏழு நாடுகளையும் விமானம் ஏறாமலே பஸ், வேன், படகு, நடை என்று கடந்துவிடலாம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்று: இந்தப் பாதையில் சாலை சிக்கல் இல்லை, காகிதம்தான் சிக்கல். வரைபடத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டில் இந்தப் பயணம் நடக்குமா?

நடக்கும். ஆனால் ஐரோப்பியப் பயணிகள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கிளம்பினால் முதல் எல்லையிலேயே திரும்ப வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பாஸ்போர்ட்டே போதும், நமக்கு அப்படி இல்லை.

நமக்குக் கைகொடுப்பது செல்லுபடியாகும் அமெரிக்க விசா. பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா இருந்தால் கோஸ்டா ரிக்காவுக்குத் தனி விசா வேண்டாம். பனாமாவும் அதை ஏற்கிறது, ஆனால் அந்த விசாவை வைத்து ஒரு முறையாவது அமெரிக்காவுக்குப் போய் வந்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் புத்தம்புது விசாவோடு வந்து நிற்பவர்கள் உண்டு. மற்ற நாடுகளிலும் அமெரிக்க, கனடா, ஷெங்கன் விசாக்களுக்குப் பல சலுகைகள் இருக்கின்றன. எந்த விசா, எத்தனை நாள், எந்த வாசல் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும்.

அதனால் ஒவ்வொரு நாட்டுத் தூதரகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். குவாத்தமாலா, கோஸ்டா ரிக்கா, பனாமா ஆகியவற்றுக்கு டெல்லியிலேயே தூதரகம் உண்டு. 'தரை வழியாக, இன்ன எல்லையில் நுழைகிறேன், என்னிடம் இன்ன விசா இருக்கிறது' என்று தெளிவாக எழுதி, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டை அதிகம் பார்த்திராத எல்லை அதிகாரி மேலதிகாரியைக் கூப்பிடுவார். அப்போது தூதரகத்தின் ஸ்பானிஷ் மொழிக் கடிதம் ஒன்று நீட்டக் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை, இல்லாவிட்டால் அரை நாளை விழுங்கிவிடும்.

அந்த அதிகாரியின் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்க எல்லையை நோக்கிச் செல்லும் ஆட்கடத்தல் பாதை இந்த நாடுகளின் வழியாகத்தான் போகிறது. 2023 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து நிகராகுவாவுக்குக் கிளம்பிய ஒரு விமானம் பிரான்ஸில் நிறுத்தப்பட்டது. அதிலிருந்த 303 பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆகவே திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்குப் பிரதி ஆகியவற்றைக் கேட்காமலே எடுத்துக் காட்டும்படி வைத்திருங்கள்.

எல் சால்வடோரில் இந்தியர்களிடம் ஆயிரம் டாலர் வாங்குகிறார்களாமே?

வதந்தி இல்லை. 2023 அக்டோபரில் இந்தியாவிலிருந்தும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வருவோருக்கு அந்த நாடு 1,000 டாலர் கட்டணம் அறிவித்தது. வரியோடு சேர்த்து 1,130 டாலர். விமான நிலைய மேம்பாட்டுக்கு என்று சொல்லப்பட்ட கட்டணம் அது. வடக்கே போகும் குடியேறிகளைத் தடுப்பதே நோக்கம் என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மலிவு டிக்கெட் என்று சான் சால்வடோரில் விமானம் மாறும்படி எடுப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். குவாத்தமாலா சிட்டிக்கோ பனாமா சிட்டிக்கோ பறந்து இறங்கி, அங்கிருந்து தரை வழியில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

நான்கு நாடுகளுக்கும் சேர்த்து 90 நாள் என்கிறார்களே, அது என்ன?

குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்கும் 2006இல் போட்ட சி.ஏ.4 ஒப்பந்தம். இந்த நான்கையும் ஒரே வட்டாரமாகக் கருதி, மொத்தமாக 90 நாள் தருகிறார்கள். நாட்டுக்கு 90 அல்ல, நான்குக்கும் சேர்த்து 90. முதலில் நுழைந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். பெலீஸ், கோஸ்டா ரிக்கா, பனாமா, மெக்சிகோ இந்த வட்டத்துக்கு வெளியே.

குவாத்தமாலாவுக்கும் எல் சால்வடோருக்கும் இடையே பல நேரங்களில் முத்திரையே குத்துவதில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நிகராகுவா மட்டும் தனக்கென்று ஒரு நடைமுறை வைத்திருக்கிறது, அது கீழே. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 'ஒரு நாட்டில் நுழைந்தால் நான்கிலும் நுழைந்தது போல' என்று நம்பி இறங்க வேண்டாம். விசா கேள்வி நாட்டுக்கு நாடு தனியாக எழும், விசாவில் எழுதிய நாட்கள்தான் உங்களுக்குக் கணக்கு.

வடக்கிலிருந்து தெற்கே போக எந்த எல்லைகள் வசதி?

பெலீஸைப் பார்க்க விரும்பினால் மெக்சிகோவின் செட்டுமாலிலிருந்து உள்ளே வந்து, சான் இக்னாசியோ வழியாக மேற்கே பெங்கே வியெஹோ எல்லையில் வெளியேறி, குவாத்தமாலாவின் ஃப்ளோரெஸ் போகலாம். டிக்கால் என்ற பழங்கால மாயன் நகரம் அங்கிருந்து பக்கம்தான். பெலீஸை விட்டுத் தரை வழியில் வெளியேற 40 பெலீஸ் டாலர், அதாவது 20 அமெரிக்க டாலர் வெளியேற்றக் கட்டணம் உண்டு. இந்த வட்டாரத்திலேயே கையைக் கடிக்கும் எல்லைக் கட்டணம் அதுதான்.

குவாத்தமாலாவிலிருந்து ஹோண்டுராஸ் போக எல் ஃப்ளோரிடோ எல்லையைச் சொல்வேன். எல்லையைத் தாண்டி சுமார் 12 கி.மீ. போனால் கோப்பான் ரூயினாஸ் என்ற சிற்றூர். மாயர்களின் கல்வெட்டுப் படிக்கட்டு இருக்கும் கோப்பான் இடிபாடுகளுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். அமைதியான எல்லை, கூட்டமும் குறைவு. முதன்முதலாகத் தரை எல்லையைக் கடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

எல் சால்வடோரிலிருந்து நிகராகுவா போவது கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டும் நேரடியாக எல்லையைப் பகிர்ந்துகொள்வதில்லை, நடுவில் ஹோண்டுராஸின் தெற்கு முனை இருக்கிறது. எல் அமாத்தீயோவில் நுழைந்து, சொலுத்தேக்கா நகரைத் தாண்டி, குவாசாவுலேவில் வெளியேற வேண்டும். சுமார் 130 கி.மீ. தூரம்தான், ஆனால் ஒரே நாளில் இரண்டு எல்லை, மூன்று நாட்டு அதிகாரிகள். எல் துங்கோ கடற்கரையிலிருந்து நிகராகுவாவின் லியோனுக்குச் செல்லும் சுற்றுலா வேன்கள் விடியுமுன் கிளம்பி மாலை இருட்டும் நேரத்தில் கொண்டுபோய் விடும். உள்ளூர் பஸ்களில் மாறி மாறிப் போவதென்றால் சொலுத்தேக்காவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். ஃபொன்சேகா வளைகுடாவைப் படகில் கடந்து லா உனியோனிலிருந்து பொத்தோசி போகும் வழியும் உண்டு. எரிமலைகளைப் பார்த்தபடி போகும் அருமையான பாதை, ஆனால் ஆள் சேர்ந்தால்தான் படகு.

நிகராகுவாவிலிருந்து கோஸ்டா ரிக்காவுக்குப் பெரும்பாலோர் பெனியாஸ் பிளாங்காஸ் வழியாகப் போகிறார்கள். கோஸ்டா ரிக்காவிலிருந்து பனாமாவுக்கு இரண்டு முக்கிய வாசல்கள்: பசிபிக் பக்கம் பாசோ கனோவாஸ், கரீபியன் பக்கம் சிக்சாவோலா. எனக்குப் பிடித்தது சிக்சாவோலா. வாழைத்தோட்ட ரயிலுக்காகக் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் மேல், பலகை இடுக்குகளில் கீழே ஆறு தெரிய, பையைச் சுமந்துகொண்டு நாடு விட்டு நாடு நடந்த பயணிகள் எத்தனையோ பேர். இப்போது பக்கத்தில் அகலமான புதிய பாலம் வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் குவாபிட்டோ. அங்கிருந்து சங்கினோலா வழியாக அல்மிரான்டே, அங்கே படகு பிடித்தால் போகாஸ் தெல் தோரோ தீவுகள்.

பெரிய பஸ், சுற்றுலா வேன், உள்ளூர் பஸ்: எதில் போவது?

தீகாபஸ் போன்ற நிறுவனங்கள் குவாத்தமாலாவிலிருந்து பனாமா சிட்டி வரை தலைநகர்களை இணைத்து ஏ.சி. பஸ் விடுகின்றன. எல்லைக்கு முன்னால் உதவியாளர் படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டையும் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தருவதும் உண்டு. ஸ்பானிஷ் தெரியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. விசா விவரத்தில் சிறு குழப்பம் இருந்தாலும் இந்தப் பஸ்ஸைத் தவிர்ப்பது நல்லது. முப்பது நாற்பது பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், அந்த நெருக்கடியில் அதிகாரியிடம் நிதானமாகப் பேச முடியாது. பஸ் உங்களை விட்டுவிட்டும் போகலாம்.

வேன்கள் விடுதி வாசலில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கும். உள்ளூர் பஸ்ஸைவிடப் பல மடங்கு விலை.

உள்ளூர் பஸ்தான் இந்தப் பயணத்தின் உயிர். குவாத்தமாலாவில் ஓடும் கமியோனேத்தாக்கள் எல்லாம் ஒரு காலத்தில் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளைச் சுமந்த மஞ்சள் பஸ்கள். இங்கே வந்ததும் இன்ஜின் மாறும், சிவப்பும் பச்சையுமாய் வண்ணம் ஏறும், முகப்பில் குரோமியம் மின்னும், கண்ணாடிக்கு மேல் ஏதாவது ஒரு பெண் பெயர் எழுதப்படும். குழந்தைகளுக்கான இருக்கையில் பெரியவர்கள் மூன்று பேர் உட்காருவார்கள், இருக்கைகளுக்கு நடுவே நிற்கவும் இடம் இருக்காது. ஆயுதாந்தே எனப்படும் உதவியாளர் ஓடும் பஸ்ஸின் பின் ஏணியில் ஏறி, உங்கள் பையைக் கூரையில் கட்டிவிட்டு, பின் கதவு வழியாக உள்ளே இறங்கி, யார் எங்கே ஏறினார்கள் என்பதை நினைவில் வைத்துச் சரியாகக் காசு வாங்குவார். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் மடியில் இருக்கட்டும், கூரைக்குப் போகும் பையில் துணி மட்டும்.

என் யோசனை: பகலில், எல்லை வரை உள்ளூர் பஸ், நடந்து எல்லை, அந்தப் பக்கம் மீண்டும் உள்ளூர் பஸ். ஒரு நாளில் இரண்டு எல்லை வரும் இடத்தில் மட்டும் வேன்.

எல்லையில் உண்மையில் என்னதான் நடக்கும்?

வெளியேறும் நாட்டில் ஒரு முத்திரை, நுழையும் நாட்டில் ஒரு முத்திரை. இவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில நூறு மீட்டர்தான் குழப்பும்.

கோஸ்டா ரிக்காவிலிருந்து நிகராகுவாவுக்குள் போகும் பெனியாஸ் பிளாங்காஸை எடுத்துக்கொள்வோம். எல்லை வருவதற்கு வெகு முன்பே சாலை ஓரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும். முதலில் கோஸ்டா ரிக்காவின் வெளியேற்ற வரியைக் கட்ட வேண்டும். பத்து டாலருக்குள் முடியும், ரசீதைப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். முத்திரை வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்தால் நிகராகுவா காவலர் ஒருவர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து ஒரு டாலர் நகராட்சிச் சீட்டு. பிறகு கட்டடத்துக்குள் குடிவரவு ஜன்னல்: எங்கே தங்குகிறாய், என்ன வேலை, எத்தனை நாள். சுற்றுலா அட்டையும் கட்டணமும் சேர்த்து 12, 13 டாலர். சில்லறையாக, கிழியாத நோட்டாகக் கொடுங்கள். பை எக்ஸ்ரேயில் போகும். வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு 'இன்றைக்கு பஸ் இல்லை' என்பார்கள். வாயிலைத் தாண்டி நடங்கள், ரீவாஸ் போகும் பஸ் அங்கே நிற்கும்.

நடுவில் யாராவது வந்து படிவம் நிரப்பித் தருகிறேன், வரிசையில் முன்னால் விடுகிறேன் என்றால் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். படிவங்கள் எல்லாம் இலவசம். கட்டணம் என்று யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள். குவாத்தமாலா எல்லைகளில் ரசீதில்லாமல் பத்து, இருபது கெட்சால் கேட்பது பழைய வழக்கம். 'ரெசீபோ, போர் ஃபவோர்' என்று சிரித்தபடி கேட்டால் பல நேரம் அந்தக் கட்டணம் மறைந்துவிடும்.

எந்த எல்லையாக இருந்தாலும் முத்திரை குத்தியதும் அங்கேயே நின்று தேதியையும் நாட்களையும் படித்துப் பாருங்கள்.

நிகராகுவா பற்றி ஏன் தனியாக எச்சரிக்கிறார்கள்?

அரசுக்கு எதிராக 2018இல் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு அந்த அரசு வெளியாட்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. பயணத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இணைய வழியில் விவரம் அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்பிவிடுங்கள். பத்திரிகையாளர் என்றோ தொண்டு நிறுவன ஊழியர் என்றோ தெரிந்தால் திருப்பி அனுப்பவும் கூடும். டிரோன் கொண்டுபோகவே கூடாது, எல்லையில் பறிமுதல் செய்வார்கள். பைனாகுலர், பெரிய கேமரா லென்ஸ்களுக்கும் கேள்வி வரும். பறவை பார்க்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே திட்டமிட வேண்டும். உள்ளே போனபின் அரசியல் பேச்சு வேண்டாம். உங்களுக்கு வருவதைவிட, உங்களோடு பேசிய உள்ளூர்க்காரருக்கு வரும் தொல்லை பெரியது.

மற்றபடி ஓமெத்தேபே தீவும் லியோன் நகரமும் கிரனாடாவும் தவறவிடக் கூடாத இடங்கள். மக்கள் அன்பானவர்கள்.

பணம் எப்படி?

அமெரிக்க டாலர்தான் பொது மொழி. எல் சால்வடோர் 2001இலிருந்து டாலரையே நாணயமாக வைத்திருக்கிறது. 2021இல் பிட்காயினையும் சட்டபூர்வ நாணயமாக்கி, 2025 தொடக்கத்தில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. பயணிக்கு அதனால் எதுவும் மாறவில்லை, பஸ்ஸில் சில்லறைதான் கேட்பார்கள். பனாமாவிலும் டாலர் நோட்டுத்தான், பல்போவா என்பது காசாக மட்டும் புழங்குகிறது. பெலீஸில் இரண்டு பெலீஸ் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர் என்று நிலையான கணக்கு. குவாத்தமாலாவின் கெட்சால், ஹோண்டுராஸின் லெம்பீரா, நிகராகுவாவின் கோர்டோபா, கோஸ்டா ரிக்காவின் கொலோன் நான்கும் அந்தந்த நாட்டோடு சரி, எல்லையைத் தாண்டினால் வெறும் காகிதம். மிச்சம் இருப்பதை எல்லையிலேயே மாற்றிவிடுங்கள்.

எல்லையில் நோட்டுக்கட்டும் கால்குலேட்டருமாக நிற்பவர்கள் நாணய மாற்றுக்காரர்கள். விலையை முன்னதாகத் தெரிந்துகொண்டு, உங்கள் போனிலேயே கணக்குப் போட்டு, அவர் கொடுப்பதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் பணத்தைக் கொடுங்கள். இருபது டாலருக்கு மேற்பட்ட நோட்டைச் சிறு கடைகள் வாங்க மாட்டார்கள். மூலை கிழிந்த நோட்டை யாருமே வாங்க மாட்டார்கள்.

கோஸ்டா ரிக்காவில் வெளியேறும் டிக்கெட் கேட்பார்களா?

கேட்பார்கள். பனாமாவும் கேட்கும், அதோடு கையில் குறைந்தது 500 டாலர் இருப்பதற்கான சான்றும் கேட்கும். நாட்டைவிட்டு வெளியேறும் பஸ் டிக்கெட் இருந்தால் போதும் என்று பலர் நுழைந்துவிடுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஊர் திரும்பும் விமான டிக்கெட்டும் இருப்பதே நல்லது.

பாதுகாப்பு எப்படி?

எல் சால்வடோரில் 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்துப் பல்லாயிரம் பேரைச் சிறையில் அடைத்தபின் தெருக்களில் கும்பல் வன்முறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. குற்றமற்ற பலரும் விசாரணையின்றி உள்ளே கிடக்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்வதையும் சேர்த்தே அந்த அமைதியைப் பார்க்க வேண்டும். குவாத்தமாலா சிட்டி, சான் பெத்ரோ சூலா, தெகுசிகல்பா ஆகிய நகரங்களில் பஸ் மாறுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருட்டிய பின் எந்த நாட்டிலும் சாலைப் பயணம் வேண்டாம். திருட்டைவிட வளைவு மலைப்பாதையும் விளக்கில்லாத லாரியும்தான் ஆபத்து.

சாலை மறியலை மறக்க வேண்டாம். 2023 அக்டோபரில் குவாத்தமாலாவில் தேர்தல் முடிவைக் காக்க மக்கள் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். அதே மாதத்தில் பனாமாவில் செம்புச் சுரங்க ஒப்பந்தத்தை எதிர்த்துத் தொடங்கிய மறியல் வாரக்கணக்கில் நீடித்தது. திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் சும்மா விட்டு வையுங்கள்.

எப்போது போகலாம்? எல்லைக்கு எத்தனை மணிக்குப் போவது?

நவம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் மழை, செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் பஸ்கள் நிரம்பி வழியும், வெள்ளிக்கிழமை பல இடங்களில் ஓடாது. கிறிஸ்துமஸை ஒட்டி கோஸ்டா ரிக்காவில் வேலை செய்யும் நிகராகுவாக்காரர்கள் ஊர் திரும்புவதால் பெனியாஸ் பிளாங்காஸில் மணிக்கணக்காக வரிசை.

எல்லையில் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் நில்லுங்கள். ஏதாவது சிக்கல் என்றால் தூதரகத்துக்குப் போன் போட முழுப் பகல் இருக்கும். பனாமா மட்டும் மற்ற ஆறு நாடுகளைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாசோ கனோவாஸில் சாலையைக் கடந்தால் பத்து மணி பதினொன்று ஆகிவிடும், அந்தப் பக்கத்துக் கடைசி பஸ்ஸை அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டாம். நிகராகுவாவிலும் கோஸ்டா ரிக்காவிலும் காலை உணவே காயோ பின்தோ, அதாவது சோறும் பயறும் சேர்த்து வதக்கியது. எல் சால்வடோரின் புபூசா சோளமாவில் பயறும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தட்டிச் சுடுவது. லொரோக்கோ என்ற பூமொட்டு வைத்ததைக் கேட்டு வாங்குங்கள், அதன் மணமே தனி. ஹோண்டுராஸில் பலேயாதா, அதாவது பயறு வைத்து மடித்த கோதுமை ரொட்டி. ஒரே கவனம்: பயறைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது இங்கே சாதாரணம். 'சின் கார்னே' என்றால் இறைச்சி மட்டும்தான் விலகும். 'சின் மன்தேக்கா' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பனாமாவிலிருந்து கொலம்பியாவுக்கும் பஸ்ஸில் போகலாமா?

முடியாது. அலாஸ்காவிலிருந்து வரும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை பனாமாவின் யாவீசா என்ற ஊரில் முடிந்துபோகிறது. அதற்கப்பால் சுமார் 100 கி.மீ. சாலையே இல்லாத தாரியென் காடு, சதுப்பு, மலை. 2023இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடியேறிகள் வேறு வழியின்றி அதைத் தெற்கிலிருந்து வடக்கே நடந்து கடந்தார்கள். ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டவர்களும் வழிப்பறிக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களும் அவர்களில் ஏராளம். சாகசம் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பாதையில் காலை வைக்காதீர்கள்.

வழி இரண்டு. விமானம் ஒன்று. மற்றது, குனா மக்களின் தன்னாட்சிப் பகுதியான சான் பிளாஸ் தீவுகள் வழியாகக் கார்த்தஹேனாவுக்குப் போகும் பாய்மரப் படகு. நான்கைந்து நாள் ஆகும், 500 டாலருக்கு மேல் செலவு. தீவுகளுக்கிடையே கடல் அமைதியாக இருக்கும், பிறகு வரும் திறந்த கடலில் அலை புரட்டி எடுக்கும், வாந்தி மாத்திரை கட்டாயம். கேப்டன் யார், பாதுகாப்பு அங்கிகள் எல்லோருக்கும் இருக்கின்றனவா என்று ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கொலம்பியா விசாவைக் கிளம்புமுன்பே உறுதி செய்யுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து மீண்டும் வடக்கே வரும் திட்டம் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஊரிலேயே, பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டுக்கொண்டு சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். கொலம்பியாவிலிருந்து வருகிறவர்களிடம் கோஸ்டா ரிக்கா அதைக் கேட்கிறது.